அதே பேச்சு... குரல் மட்டும் பெண் குரல்!

ஊராட்சி அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். உள்ளே நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்திருப்பார். “எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க” என்பார். நாமும் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். “அந்தம்மாவுக்கு என்ன தெரியும் பாவம்” என்று வழியில் ஒரு அனுதாபம் வேறு!

கணவர் உதவி செய்தால் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. உதவி செய்யட்டும், நல்லதுதான். ஆனால், ஆண் தலைவரின் மனைவி அதே நாற்காலியில் உட்கார்ந்து மனு வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா?

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவிகித இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது. மேற்கு வங்காளத்தில் 1998-லேயே மூன்றில் ஒரு பங்கு பஞ்சாயத்துத் தலைவர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. எந்த ஊர் என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறும். இதனால் பெண் தலைவரைப் பார்த்த ஊர், பார்க்காத ஊர் என இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் அவருடைய குழுவினரும் அதைத்தான் செய்தார்கள்.

சாந்திநிகேதன் இருக்கும் பீர்பும் மாவட்டத்தில், பஞ்சாயத்துத் தலைவர் பேசுவதுபோல ஒரு பேச்சைப் பதிவு செய்தார்கள். சிலருக்கு ஆண் குரலில், சிலருக்குப் பெண் குரலில் போட்டுக் காட்டினார்கள். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில், பெண் குரலில் கேட்ட ஆண்கள் ‘இவர் அவ்வளவு திறமையானவர் இல்லை’ என்று குறைவாக மதிப்பெண் போட்டார்கள். ஏற்கெனவே ஒரு பெண் தலைவரைப் பார்த்த ஊர்களில் அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. ‘ஆண் தலைவராக இருந்தால்தான் பிடிக்கும்’ என்ற மனசு மட்டும் அங்கேயும் மாறவில்லை. மனசுக்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டும்போல.

இன்னொரு ஆய்வு வயிற்றெரிச்சலைக் கிளப்பும். பெண்கள் தலைமையேற்ற ஊர்களில் குடிநீர் வசதி கூடியிருந்தது, லஞ்சம் குறைந்திருந்தது. ஆனால், மக்களின் திருப்தியும் குறைவாகவே இருந்தது! பஞ்சாயத்துக்குச் சம்பந்தமே இல்லாத சேவைகளைப் பற்றிக் கேட்டாலும், பெண் தலைவர் இருக்கும் ஊரில் அதிருப்திதான் அதிகம்.

‘பெண்ணியம்’ என்றதுமே முகம் சுளிக்கிறவர்கள், ஆண்களை மட்டம் தட்டி உட்காரவைக்கிற வேலை அது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதிகாரம் கையில் வந்தபோது இந்தப் பெண்கள் யாரையும் மட்டம் தட்டவில்லை. குழாய் போட்டார்கள், கிணறு வெட்டினார்கள். அந்தத் தண்ணீரை ஊரே குடித்தது. ஒரே வேலைக்கு ஒரே மதிப்பெண் போடுங்கள் என்றுதான் பெண்ணியம் கேட்கிறது. அதைக் கேட்பதற்கே ‘ஆண்களுக்கு எதிரி’ என்று பட்டம் கட்டிவிடுகிறோம்.

இரண்டு முறை பெண் தலைவர் இருந்த பீர்பும் ஊர்களில் நடந்ததையும் பாருங்கள். இட ஒதுக்கீடு இல்லாத பொது இடங்களிலும் பெண்கள் அதிகமாகப் போட்டியிட்டார்கள், ஜெயித்தார்கள். பருவ வயதுப் பிள்ளைகளின் படிப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி மறைந்தது. மகளின் எதிர்காலம் பற்றி அப்பா அம்மாவுக்கு இருந்த ஆசை பெரிதானது. அந்தப் பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவழித்த நேரமும் குறைந்திருந்தது.