சான்றிதழ்ல ஒரு மதம், பங்குப் பதிவேட்டுல ஒரு மதம்

தேவகோட்டைப் பக்கத்துல இருந்து காலேஜ் படிக்கிற ஒரு தங்கச்சி அனுப்பின கேள்விதான் இன்னைக்கு எபிசோட். குடும்பமே மூணு தலைமுறையா கத்தோலிக்கர். ஆனா சாதிச் சான்றிதழ்ல 'இந்து'ன்னு இருக்கு. "நான் பொய் சொல்லிக்கிட்டே நன்மை வாங்குறேனா அண்ணா?"ன்னு கேட்டிருந்தாங்க.

சிவகங்கை, ராமநாதபுரம் ரெண்டு மாவட்டத்துலயும் இருக்கிற நிறைய தலித் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். வெளிய பேச மாட்டாங்க, அவ்வளவுதான்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துடுவோம். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என்று சொல்லும் ஆணை அது. அதோட மூணாவது பத்தியிலதான் சிக்கல். இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார். 1956இல் சீக்கியர்களை உள்ளே சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களை. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனையே கிடையாது. அவங்க சர்ச்சுக்குப் போனாலும் எஸ்.டி.தான்.

தமிழ்நாட்டுல, கிறிஸ்தவத்துக்கு மாறின பட்டியல் சாதியினர் பி.சி. பட்டியல்ல வர்றாங்க. எஸ்.சி.க்கு இருக்கிற 18 சதவீத ஒதுக்கீடு அவங்களுக்கு இல்ல. மானாமதுரை மாதிரி தனித் தொகுதியில நிக்க முடியாது. சாதி பேரைச் சொல்லித் திட்டினாலும் அடிச்சாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல பாதிக்கப்பட்டவரா வர முடியாது. திட்டுறவன் என்ன, ஞானஸ்நானச் சர்டிபிகேட்டை வாங்கிப் பாத்துட்டா திட்டுறான்?

இந்த இடத்துல சூசை வழக்கைத் தெரிஞ்சுக்கணும். சூசை சென்னையில ரோட்டோரமா உக்காந்து செருப்பு தைச்சவர். ஆதிதிராவிடர், கிறிஸ்தவரா மாறினவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமா பங்க் கடை கொடுத்துச்சு. இவருக்குக் கிடைக்கல, காரணம் மதம். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1985இல் தீர்ப்பு. தோத்துட்டார்.

நீதிமன்றம் சொன்ன காரணத்தை நிதானமா கேளுங்க. மதம் மாறின பிறகும் சாதி தொடருதுன்னு காட்டினா மட்டும் போதாது. கிறிஸ்தவச் சமூகத்துக்குள்ளயும் அதே கடுமையோட ஒடுக்குமுறை இருக்குன்னு நிரூபிக்கணும், அதுக்கான ஆதாரம் எங்க முன்னாடி இல்லன்னு சொன்னாங்க.

அந்த ஆதாரம் யார்கிட்ட இருக்கு? திருச்சபைகிட்டதான். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துல தலித் கல்லறைகளையும் மத்தவங்க கல்லறைகளையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது ஊரறிஞ்ச விஷயம். அதாவது, தலித் கிறிஸ்தவர்களுக்கு டெல்லியில நியாயம் கிடைக்கணும்னா, ஆயர்கள் நீதிமன்றத்துல நின்னு "எங்க வீட்டுக்குள்ள தீண்டாமை இருக்கு"ன்னு சாட்சி சொல்லியாகணும். நம்ம ஆளுங்க ரொம்ப காலம் ரெண்டையும் சேத்து வச்சுக்கப் பாத்தாங்க. ஆகஸ்ட் 10 கறுப்பு தினம்னு தெருவுல இறங்குவோம், ஊர்த் திருவிழாவுல சப்பரம் எந்தத் தெருவுக்குப் போகக்கூடாதுங்கிறதையும் காப்பாத்துவோம். நடக்காது. 2022 நவம்பர்ல மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துல தாக்கல் பண்ணின பதில்ல என்ன சொன்னாங்க? கிறிஸ்தவ, இஸ்லாமியச் சமூகங்கள்ல அப்படிப்பட்ட ஒடுக்குமுறை இருந்ததில்லைன்னு. நம்ம மௌனத்தையே எடுத்து நமக்கு எதிரா வச்சுட்டாங்க.

ஒத்துக்கிட்டதும் நடந்திருக்கு, அதையும் சொல்லணும். 2003இல் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதியைப் பற்றி நேரடியாகவே பேசினார். 2016 டிசம்பர்ல இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒண்ணு வெளியிட்டு, சபைக்குள்ள சாதிப் பாகுபாடு இருக்கு, அது பாவம்னு எழுத்துல ஒப்புக்கிட்டாங்க. சூசை தோத்து 31 வருஷம் கழிச்சு.

இது எங்க ஆரம்பிச்சதுன்னு பாக்க ஓரியூருக்குப் போகலாம். காரைக்குடியில இருந்து தேவகோட்டை, திருவாடானை வழியா போற ஊர். புனித அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4ஆம் தேதி தலை வெட்டப்பட்டது அங்கதான். அந்தச் செம்மண்ணை இன்னைக்கும் ஜனங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. நம்ம கதையில பெரும்பாலும் தடியத்தேவரும் சேதுபதியும்தான் வருவாங்க. பிரிட்டோ என்ன உடையில இருந்தார்ங்கிறதை யாரும் கவனிக்கிறதில்ல.

அவர் பண்டாரசுவாமி. மதுரை மிஷன்ல இயேசு சபையினர் ரெண்டு வகையா இருந்தாங்க. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி வழியில பிராமண சந்நியாசி மாதிரி வாழ்ந்தவங்க ஒரு வகை. அவங்க ஒடுக்கப்பட்ட மக்களோட வெளிப்படையாப் பழக முடியாது. அந்த மக்கள்கிட்டயும் போறதுக்காக வந்த ரெண்டாவது வகைதான் பண்டாரசுவாமிகள். உள்ளூர் பண்பாட்டுக்குள்ள இறங்கினதுக்காக நாம நோபிலியை ரொம்பப் புகழ்வோம். புகழலாம், தமிழுக்கு அவர் செஞ்சது பெருசு. ஆனா பண்பாடுன்னு எடுத்துக்கிட்டதுல பூணூலும் சந்தனமும் மட்டும் வரல, தூரமும் கூடவே வந்துச்சு. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள்ளேயும் குருக்கள் போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். இங்க என்ன பண்ணாங்க தெரியுமா? அந்த மக்களுக்குன்னு தனியா குருக்களைப் போட்டாங்க. ஆணை நிறைவேறிடுச்சு, சாதியும் அப்படியே நின்னுடுச்சு!

ஓரியூருக்குப் போற வழியில தேவகோட்டை சொன்னேன்ல, அதுக்குப் பக்கத்துலதான் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோவில் தேர் வடத்தை தலித்துகள் தொடலாமாங்கிற சண்டையில பல வருஷம் தேரே ஓடல. 2024 ஜூன்ல போலீஸ் பாதுகாப்போட மறுபடி ஓடுச்சு. கண்டதேவியைப் பத்தி நம்ம கத்தோலிக்க இளைஞர் கூட்டங்கள்ல சூடா பேசுவாங்க, சந்தோஷம். அதே மாதிரி கேள்வி திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்குக் கோவில் பத்தி 2025 பிப்ரவரியில உச்ச நீதிமன்றத்துல வந்துச்சு. திருவிழா நிர்வாகத்துலயும் கல்லறையிலயும் பாகுபாடுன்னு தலித் கத்தோலிக்கர்களே போட்ட மனு. அதைப் பத்தி எத்தனை கூட்டம் போட்டோம்?

சரி, தங்கச்சியோட கேள்விக்கு வர்றேன். பொய் சொல்றது நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். சட்டப்படி ஆபத்தும் இருக்கு. 2024 நவம்பர்ல புதுச்சேரி வழக்கு ஒண்ணுல, நம்பிக்கையில்லாம ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்றது அரசியல் சாசனத்தை ஏமாத்துற மாதிரின்னு உச்ச நீதிமன்றம் கடுமையா சொல்லியிருக்கு. இன்னொரு பக்கம், ராமநாதபுரத்து டாக்டர் ஒருத்தரோட எஸ்.சி. சான்றிதழை ரத்து பண்ணியிருந்தாங்க. கிறிஸ்தவரைக் கல்யாணம் பண்ணியிருந்தார், கிளினிக்ல சிலுவை மாட்டியிருந்துச்சு. அது செல்லாதுன்னு 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துச்சு. அவர் பிறப்பால இந்து, மதம் மாறினதுக்கு ஆதாரம் இல்ல. உங்க நிலைமை வேற, அதனால இதை உங்களுக்குக் கேடயமா நினைச்சுக்காதீங்க.

ஆனா பாவம்னு பேச வந்தா, கணக்கை உங்ககிட்ட இருந்து ஆரம்பிக்க நான் தயாரா இல்ல. தாத்தா படிக்கணும், பேத்தி படிக்கணும்னா ஒரு கட்டத்துல பேனா எடுத்து 'இந்து'ன்னு எழுதணும்ங்கிற நிலைமையை உண்டாக்கினது யாரு? ஞானஸ்நானம் வாங்கினா சாதி போயிடும்னு அரசு சொல்லுது. போகலன்னு பங்குல எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பேரோட பொய்யையும் ஒரு காலேஜ் பொண்ணு மனசாட்சியில சுமக்குது. நன்மை வாங்குங்க தங்கச்சி. உங்க பங்குத்தந்தைகிட்ட இதை வெளிப்படையா பேசுங்க. அவர் நெளிஞ்சா நெளியட்டும்.

இன்னொரு தரப்பும் இருக்கு. ஏற்கனவே இருக்கிற 18 சதவீதத்துல பங்குக்கு ஆள் கூடிடும்னு இந்து தலித்துகள் சிலர் பயப்படுறாங்க. அதை மதவெறின்னு தள்ளிடாதீங்க, நியாயமான பயம். ஒதுக்கீட்டு அளவைக் கூட்டாம கேட்டா, ஏழை ஏழைகிட்டயே பிடுங்குற மாதிரி ஆயிடும்.

இப்போ நிலவரம்: பட்டியல் சாதி அந்தஸ்தில் மத நிபந்தனையை நீக்கலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது, மத்திய அரசு ஏற்கவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2022இல் மத்திய அரசு அமைத்த கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கு முதலில் கொடுத்தது இரண்டு வருடம், பிறகு காலக்கெடுவை நீட்டித்தார்கள். உங்க ஊர்க் கல்லறையில சுவர் இருந்தா, சப்பரம் போகாத தெரு இருந்தா, பங்குப் பேரவையில எழுத்துப்பூர்வமா பதிவு பண்ணுங்க. சூசை வழக்குல நீதிமன்றம் கேட்ட ஆதாரம் அந்த மாதிரி காகிதம்தான்.