உடனடிச் செய்தியும் வதந்தியும்



தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்தைக் கற்பவர்களுக்கு மட்டுமன்றி, குடியியற் கல்வியிலோ தமிழ்மொழிக் கட்டுரையிலோ சமூக ஊடகங்கள் பற்றி எழுத நேரும் அனைவருக்கும் பயன்படும் விடயம் இது. பலரும் இதனை “சமூக ஊடகங்களில் பொய்கள் பரவுகின்றன, நாம் அவதானமாக இருக்க வேண்டும்” என்று இரண்டு வரிகளில் முடித்துவிடுவர். அது விடையாகாது. பொய் ஏன் குறிப்பாக ஓர் அனர்த்தம் நிகழ்ந்த முதற் சில மணித்தியாலங்களில் பரவுகிறது, எந்த வழியாகப் பரவுகிறது, அதனால் விளைவது என்ன என்பவற்றை உதாரணத்துடன் விளக்குவதே விடை.

உயிர்த்த ஞாயிறு, 2019

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி காலை 8.45 மணியளவில் தொடங்கி, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அன்று பிற்பகல் தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும் மேலும் இரு வெடிப்புகள் நிகழ்ந்தன. 260 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அன்றைய தினம் ஒரு சாதாரண குடும்பத்தின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள். தேவாலயத்துக்குச் சென்றவர் வீடு திரும்பவில்லை. தொலைபேசி கிடைக்கவில்லை. அடுத்த குண்டு எங்கே வெடிக்கும் என்று எவருக்கும் தெரியாது. இந்நிலையில் கைத்தொலைபேசிக்கு வரும் எந்தச் செய்தியையும் மனம் பற்றிக்கொள்ளும். அடுத்து வந்த நாட்களில் கொழும்பை அண்டிய பகுதிகளில் குடிநீரில் நஞ்சு கலக்கப்பட்டுவிட்டதாக ஒரு வதந்தி பரவியது. அதிகாரிகள் அதனை மறுத்தனர். எனினும், ஏற்கனவே அச்சத்தில் இருந்த மக்களுக்கு அந்த மறுப்பு போய்ச் சேருவதற்கு முன்னர் வதந்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு பழைய சூத்திரம்

வதந்தி பற்றிய ஆய்வு இணையத்துக்கு முற்பட்டது. கோர்டன் ஓல்போர்ட், லியோ போஸ்ட்மன் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் இரண்டாம் உலகப்போர்க் கால வதந்திகளை ஆராய்ந்து 1947 இல் ஒரு நூல் வெளியிட்டனர். அவர்கள் கூறிய கருத்தை இவ்வாறு எழுதலாம்:

வதந்தியின் பரவல் = விடயத்தின் முக்கியத்துவம் × தெளிவின்மை

இது எண்களை இட்டுக் கணிப்பதற்கான சூத்திரமன்று. ஒரு தொடர்பைக் காட்டுவதற்கானது. இங்கே கூட்டல் அடையாளம் இடாது பெருக்கல் அடையாளம் இட்டிருப்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று பூச்சியமானாலும் வதந்தி பூச்சியமாகும். உங்களுக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டே விளங்கிக்கொள்வோம். பரீட்சை பிற்போடப்பட்டுள்ளது என்ற பேச்சு மாணவர்களிடையே காட்டுத்தீ போலப் பரவும். ஏனெனில் அது உங்களுக்கு மிக முக்கியமானது, திகதி பற்றிய தெளிவும் இல்லை. பரீட்சைகள் திணைக்களம் திகதியை அறிவித்த மறுகணம் பேச்சு அடங்கிவிடும். முக்கியத்துவம் குறையவில்லை, தெளிவின்மை நீங்கிவிட்டது. அதே பேச்சை உங்கள் பாட்டியிடம் கூறிப்பாருங்கள், அவர் அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுசெல்லமாட்டார். தெளிவின்மை அவருக்கும் உண்டு, ஆனால் அவருக்கு அது முக்கியமன்று.

உடனடிச் செய்தி என்பது இவ்விரண்டும் ஒருங்கே உச்சத்தில் இருக்கும் நேரம். நிகழ்ந்திருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். ஆனால் உறுதியாகச் சொல்லக்கூடியது மிகச் சொற்பம். நிருபர் அவ்விடத்துக்குச் செல்ல வேண்டும், வைத்தியசாலை எண்ண வேண்டும், பொலிஸார் விசாரிக்க வேண்டும். இவற்றுக்கு நேரம் எடுக்கும். பொய் சொல்பவருக்கோ இவை எதுவும் தேவையில்லை.

திருத்தமும் பொய்யும் ஒன்றல்ல

இங்கு மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. 2019 தாக்குதலில் உயிரிழந்தோர் தொகை 359 வரை உயர்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 25 ஆம் திகதி சுகாதார அதிகாரிகள் அதனை ஏறத்தாழ 253 எனக் குறைத்தனர். சிதைந்த உடல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எண்ணப்பட்டிருந்தமையே காரணம். முதலிற் கூறியது பிழையான தகவல்தான். ஆனால் கூறியவர்கள் உண்மையை அறிய முயன்றார்கள், பிழையைக் கண்டதும் பகிரங்கமாகத் திருத்தினார்கள். இதனை நஞ்சு கலந்த நீர் பற்றிய வதந்தியோடு ஒரே தட்டில் வைத்து எழுதுவது தவறு.

ஆகவே மூன்று சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுங்கள். ஏமாற்றும் நோக்கமின்றிப் பகிரப்படும் பிழை, தவறான தகவல் ஆகும். பொய்யென அறிந்தே தீங்கு செய்யவோ இலாபம் பெறவோ உருவாக்கப்படுவது பொய்த் தகவல். மூன்றாவது வகை உண்மையான தகவலே. ஆனால் ஒருவருக்குத் தீங்கு செய்வதற்கென்றே அது வெளியிடப்படும், ஒருவரது அந்தரங்கப் படத்தைப் பரப்புவது போல. யுனெஸ்கோ நிறுவனம் 2018 இல் ஊடகவியலாளர்களுக்கென வெளியிட்ட கைந்நூலும் இம்மூவகைப் பாகுபாட்டையே கையாள்கிறது. நடைமுறையில் முதலிரண்டும் ஒன்றுடனொன்று கலந்துவிடும். ஒருவர் வேண்டுமென்றே புனைந்ததை, நல்லெண்ணம் கொண்ட நூறு பேர் “எதற்கும் கவனமாக இருங்கள்” என்று சேர்த்து அனுப்புவர்.

முன்னெச்சரிக்கையும் வதந்தியன்று. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது, சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டு இலங்கையின் கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டனர். பேரலை வரவில்லை. அதனால் அந்த எச்சரிக்கை பொய்யாகிவிடாது. 2004 டிசம்பர் 26 ஐ அறிந்த எவரும் அவ்வாறு சொல்லமாட்டார்.

உத்தியோகபூர்வ மூலமும் பிழைக்கலாம்

“அரசாங்க மூலத்தை மட்டும் நம்புங்கள்” என்று எழுதினால் போதுமா? போதாது. அதே 2019 ஏப்ரல் 25 ஆம் திகதி பொலிஸார் தேடப்படும் சந்தேகநபர்களின் படங்களை வெளியிட்டபோது, ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே முற்றிலும் தொடர்பற்ற வேறொருவரின் படம் இடம்பெற்றுவிட்டது. அவர் ஐக்கிய அமெரிக்காவில் கல்வி கற்றுக்கொண்டிருந்த, இலங்கை வம்சாவளியைச் சேர்ந்த ஒரு மாணவி. விரைவிலேயே பொலிஸார் தவறை ஏற்றுத் திருத்தினர். ஆனால் அதற்கிடையில் அவரது முகம் “பயங்கரவாதி” என்ற பெயரோடு உலகெங்கும் பகிரப்பட்டுவிட்டது. பகிர்ந்தவர்களிற் பலர் திருத்தத்தைப் பகிர்ந்திருக்கமாட்டார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. மூலம் நம்பத்தகுந்ததா என்ற வினாவுடன், அதன் பிந்திய அறிவித்தல் எது என்ற வினாவையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பொய்யின் வேகம்

ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவக ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் பகிர்ந்த சுமார் 126,000 செய்திகளை ஆராய்ந்து, 2018 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். பொய்யான செய்தி மீளப்பகிரப்படும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகமாக இருந்தது. 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு, பொய்யைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகள் பொய்யையும் உண்மையையும் ஏறக்குறைய ஒரே அளவிலேயே பரப்பின. வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். பொய் புதுமையாக இருக்கிறது, வியப்பையும் அருவருப்பையும் எழுப்புகிறது. அதனாற்றான் கைகள் உடனே பகிர்கின்றன.

சில நிமிடங்களிற் பெருந்தொகைப் பணத்தை அசைத்த ஒரு பொய்யும் உண்டு. 2013 ஏப்ரல் 23 ஆம் திகதி அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் டுவிட்டர் கணக்கினுள் அத்துமீறி நுழைந்தோர், வெள்ளை மாளிகையில் இரு வெடிப்புகள் நிகழ்ந்ததாகவும் ஜனாதிபதி ஒபாமா காயமடைந்ததாகவும் ஒரு வரியைப் பதிந்தனர். நியூயோர்க் பங்குச்சந்தையின் டௌ ஜோன்ஸ் சுட்டெண் ஏறத்தாழ 140 புள்ளிகள் வீழ்ந்து, மறுப்பு வந்ததும் சில நிமிடங்களில் மீண்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2023 மே 22 ஆம் திகதி, பென்டகனுக்கு அருகே வெடிப்பு என்ற படமொன்று பரவியபோதும் சந்தை சற்று ஆட்டங்கண்டது. இம்முறை எவருடைய கணக்கையும் களவாட வேண்டியிருக்கவில்லை. படமே செயற்கை நுண்ணறிவினால் உருவாக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது.

எனினும் பெரும்பாலான போலிப் படங்களுக்கு அத்தகைய தொழினுட்பம் வேண்டியதில்லை. பழைய படத்துக்குப் புதிய தலைப்பு இட்டாற் போதும். வெள்ளம் நிறைந்த வீதியில் மோட்டார் வாகனத்துக்கு அருகே சுறா நீந்தும் ஒரு படம் 2011 இல் புவர்ட்டோ ரிக்கோவில் எடுக்கப்பட்டதாகப் பரவியது. 2017 இல் ஹூஸ்டன் வெள்ளத்தின்போது அதே சுறா மறுபடியும் வந்தது. உண்மையில் அது தென்னாபிரிக்கக் கடலில் எடுக்கப்பட்ட வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. கூகிள் லென்ஸ் போன்ற படத்தேடல் வசதியில் இட்டால் இத்தகைய படத்தின் பழைய வரலாறு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வீடுகள் எரிந்தபோது

சுறாவைப் பார்த்துச் சிரிக்கலாம். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் நிகழ்ந்ததைப் பார்த்துச் சிரிக்க முடியாது. முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உண்ண வந்தவர், கறியில் இருந்த ஒரு கட்டியைக் காட்டி, அது கருத்தடை மாத்திரை எனக் குற்றஞ்சாட்டினார். சிங்களம் சரிவரத் தெரியாத அங்கிருந்தவர், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு அஞ்சித் தலையசைத்ததைக் காட்டும் காணொளி பேஸ்புக்கில் ‘ஒப்புதல் வாக்குமூலமாக’ பரவியது. அன்றிரவே உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பல நாட்களின் பின்னர் வெளியான அரச பகுப்பாய்வு அறிக்கையின்படி அக்கட்டி வெறும் மாவே. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை என்பதை உயிரியல் ஆசிரியர் எவரும் அன்றே சொல்லியிருப்பார், கேட்பதற்குத்தான் ஆளிருக்கவில்லை. மார்ச் முதல் வாரத்தில், வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து கண்டி மாவட்டத்தின் திகனவில் வன்முறை வெடித்தபோது இவ்வதந்தியும் அதற்கு எண்ணெய் வார்த்தது. மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது.

இந்த உதாரணத்தை எழுதும்போது எந்தச் சமூகத்தையும் குற்றஞ்சாட்டும் சொற்களைத் தவிருங்கள். இங்கே ஆராயப்படுவது வதந்தி. அதை நம்பியவர்களின் இனமன்று. நமது நாட்டின் எல்லாச் சமூகங்களும் ஏதோவொரு காலத்தில் வதந்தியை நம்பியும் இருக்கின்றன, வதந்தியாற் பாதிக்கப்பட்டும் இருக்கின்றன.

தடை தீர்வாகுமா?

2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. இது விவாதத்துக்குரிய வினா. இரு பக்கமும் எழுத வேண்டும். வன்முறைக்கு ஆள் திரட்டுவதைத் தடை தாமதப்படுத்தலாம் என்பது ஒரு பக்கம். மறுபக்கத்தில், வீ.பி.என். செயலிகள் மூலம் பலர் தடையைத் தாண்டிச் சென்றனர். உறவினரைத் தேடியவர்களும் மறுப்புச் செய்தியை வெளியிட வேண்டியவர்களும் அதே தடைக்குள் அகப்பட்டனர். எமது கருத்தில், ஓல்போர்ட் - போஸ்ட்மன் சூத்திரத்தைக் கொண்டு நோக்கின் தடையின் பலவீனம் புலப்படும்: அது பரவும் வழியை அடைக்கிறது, ஆனால் தெளிவின்மையைக் கூட்டிவிடுகிறது.

வேகத்தைக் குறைப்பது வேறொரு வழி. 2018 இல் இந்தியாவில் குழந்தை கடத்துவோர் பற்றிய வட்ஸ்அப் வதந்திகளால் அப்பாவிகள் பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஒரு முதிய பெண் அவ்வாறு உயிரிழந்தார். அவ்வாண்டில் இந்தியாவிலும், 2019 ஜனவரியில் உலகெங்கிலும், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதவாறு வட்ஸ்அப் மட்டுப்படுத்தியது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளின் மேல் தெரியும் இரட்டை அம்புக்குறியைக் கண்டிருப்பீர்கள். அச்செய்தி அதனை உங்களுக்கு அனுப்பியவரின் சொந்த அறிவன்று என்பதற்கு அது அடையாளம். “என் மாமாதானே அனுப்பினார்” என்ற நம்பிக்கை அங்கே செல்லுபடியாகாது. மாமாவுக்கு அனுப்பியவர் யாரென்று மாமாவுக்கே தெரியாது.

பயிற்சி

கடும் மழைநாளொன்றில் உங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்குப் பின்வரும் கற்பனைச் செய்தி வருகிறது எனக் கொள்க: “குளக்கட்டு உடைந்துவிட்டது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் ஊர் மூழ்கும். அதிகாரிகள் மறைக்கிறார்கள். எல்லோருக்கும் அனுப்புங்கள்.” இரட்டை அம்புக்குறி உண்டு, திகதியோ குளத்தின் பெயரோ இல்லை.

(அ) இச்செய்தியில் முக்கியத்துவத்தையும் தெளிவின்மையையும் கூட்டும் சொற்களை எடுத்தெழுதுக.

(ஆ) “அதிகாரிகள் மறைக்கிறார்கள்” என்ற வாக்கியம், பின்னர் வரக்கூடிய மறுப்பை எவ்வாறு முன்கூட்டியே பலவீனப்படுத்துகிறது என விளக்குக.

(இ) அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆம் இலக்கம், நீர்ப்பாசனத் திணைக்களம், கிராம உத்தியோகத்தர் ஆகியோருள் முதலில் யாரை நாடுவீர்? செய்தி ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம் என்பதைக் கருத்திற்கொண்டு, பதில் கிடைக்கும்வரை உமது குடும்பத்தினருக்கு என்ன கூறுவீர் என்பதை ஐந்து வாக்கியங்களுக்கு மேற்படாமல் எழுதுக.