பெரிய டயர் மாட்டலாமா?
(ஜீப், லோடு வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்திற்கு)

கடையில் உட்கார்ந்தபடியே வியாபாரம் பார்த்த காலம் மலையேறிவிட்டது. இன்று சரக்கு வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. நயினார்குளம் சந்தையில் காய்கறி ஏற்றுகிறவரும், அம்பாசமுத்திரத்தில் அரிசி மூடை ஏற்றுகிறவரும், தேரிக்காட்டுக் கொட்டகைகளில் கருப்பட்டி எடுக்கப் போகிறவரும் நல்ல தார்ச்சாலையை நம்பி மட்டும் தொழில் செய்ய முடிவதில்லை. எனவே நம்மில் பலர் ஜீப்போ, பொலிரோ போன்ற வண்டியோ சொந்தமாக வைத்திருக்கிறோம். வண்டி ஒருமுறை சேற்றில் மாட்டிக்கொண்டால் போதும். "பெரிய டயர் மாட்டிப் பாருங்கள், எங்கும் போகும்" என்று யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள்.

இந்த யோசனையில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. பணத்தை இறக்கும் முன் இரண்டையும் எடை போட்டுப் பார்ப்பது நம் கடமை.

டயர் எண்ணைப் படிக்கும் முறை

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்பது போல எழுதியிருக்கும். பொலிரோ வண்டிகளில் பரவலாகக் காணப்படும் அளவு இது. இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கில். 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 215இல் 75 சதவீதம் ஏறத்தாழ 161 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 322. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. ஆக மொத்த உயரம் சுமார் 704 மி.மீ. இதே முறையில் 235/75 ஆர் 15 டயருக்குப் போட்டால் சுமார் 734 மி.மீ. வரும். வித்தியாசம் 30 மி.மீ.

ஆனால் வண்டி 30 மி.மீ. உயர்ந்துவிடாது. சக்கரத்தின் நடுவில்தான் ஆக்சில் இருக்கிறது. ஆகவே வண்டி உயர்வது பாதிதான், 15 மி.மீ. கடையில் உள்ள தீப்பெட்டியைப் படுக்க வைத்தால் எவ்வளவு உயரம் இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு. வாங்கும் முன் இந்தப் பாதிக் கணக்கைப் பலரும் போடுவதில்லை.

மொத்த உயரம் பழைய டயரைவிட 3 சதவீதத்துக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வது டயர் தொழிலில் உள்ள பொதுவான வழக்கம். அந்த வரம்புக்குள் நின்றால் நமக்குக் கிடைக்கும் உயரம் சுமார் 1 செ.மீ. மட்டுமே. மேலே சொன்ன 235 டயரே 4 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

பெரிய டயரால் வரும் நன்மை

நியாயமாக அதன் நன்மையையும் சொல்லிவிட வேண்டும். ஜீப் வகை வண்டிகளில் பெரும்பாலும் முதலில் கல்லில் இடிப்பது பின் ஆக்சில் ஹவுசிங். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி உயருமே தவிர அந்த ஹவுசிங் உயராது. அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். பெரிய சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்காமல் தாண்டும். கல் மேல் எளிதாக ஏறும். கல்லும் பள்ளமுமான மலைத் தடத்தில் நாள் தவறாமல் போகிறவருக்கு இது மெய்யான உதவி.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் காடு, மலை, பாலைவனம் எல்லாம் சுற்றிய வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16. அகலம் 6 அங்குலம், உயரம் ஏறத்தாழ 28 அங்குலம். இன்றைய பொலிரோ டயரின் உயரமும் ஏறக்குறைய அதேதான். அந்த ஜீப்பைக் காப்பாற்றியது டயரின் பருமன் அல்ல. குறைந்த எடையும் நான்கு சக்கர இழுப்பும்தான். நம்மிடம் உள்ள லோடு வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே இழுப்பு. டயரைப் பெரிதாக்குவதால் அது நான்கு சக்கர இழுப்பாக மாறிவிடாது.

பெரிய டயருக்குக் கொடுக்கும் விலை

கடைக்காரர் வாங்கும் டயர் விலை மட்டும் செலவு அல்ல. மறைமுகச் செலவுகளைப் பார்ப்போம்.

1. இழுவை குறையும். டயர் உயரக் கூடினால் ஒவ்வொரு கியரும் சற்று மேல் கியர் போல ஆகிவிடும். சிலர் மாட்டும் 31×10.50 ஆர் 15 டயரின் உயரம் சுமார் 787 மி.மீ. பழையதைவிட ஏறத்தாழ 12 சதவீதம் அதிகம். அதற்கேற்ப இழுவை சுமார் 10 சதவீதம் குறையும். மூடை ஏற்றிய வண்டி மேட்டில் நின்று கிளம்பும்போது அந்தப் பாரம் முழுவதும் கிளட்ச் பிளேட்டின் தலையில் விழும்.

2. பிரேக் பிடிப்பு குறையும். பிரேக் டிரம், டிஸ்க் பழைய அளவிலேயே இருக்க, சக்கரம் மட்டும் பெரிதாகவும் கனமாகவும் ஆகிறது. அதே மிதிக்கு வண்டி நிற்கும் தூரம் கூடும். சமவெளியில் தெரியாத இந்தக் குறை மணிமுத்தாறு மலைப் பாதை போன்ற இறக்கத்தில், பிரேக் சூடான பிறகு தெரியவரும். சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். டிரைவர் ஒரு குடும்பத்தின் ஆதாரம்.

3. வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். டயரும் உயர்ந்து, அதற்கு இடம் கொடுக்கப் பாடியையும் உயர்த்தி, மேலே கேரியரில் மூடையும் அடுக்கினால் பாரத்தின் மையம் மேலே போய்விடும். வளைவில் இது பெரும் ஆபத்து.

4. மீட்டர் பொய் சொல்லும். 235 டயரில் மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62, 63 கி.மீ. வேகத்தில் ஓடும். 31 அங்குல டயரில் அது 67. கிலோமீட்டர் கணக்கும் இப்படியே குறைத்துக் காட்டும். லிட்டருக்கு உண்மையில் 12 கி.மீ. கொடுக்கும் வண்டி, 235 டயர் மாட்டியபின் மீட்டர்படி 11.5 கொடுப்பது போலத் தோன்றும். டிரைவர் மீது வீண் சந்தேகம் எழும். ஆயில் மாற்றும் கணக்கும் தள்ளிப்போகும்.

5. ஒன்று வாங்கினால் ஐந்து. ஸ்டெப்னியும் அதே அளவு இருக்க வேண்டும். நான்கு சக்கர இழுப்பு உள்ள வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் மாட்டி நான்கு சக்கர இழுப்பில் ஓட்டினால் கியர் பாகங்களே உடையும். அகலம் கூடினால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்கார்டில் உரசும். வீல் பேரிங் சீக்கிரம் தேயும்.

நம் மண்ணுக்கு எது வேண்டும்?

ஐந்திணையும் அமைந்த சீமை என்று நம் திருநெல்வேலியைச் சொல்வார்கள். டயருக்கும் இது பொருந்தும். பாபநாசம் மலையில் ஏறும் வண்டிக்கு வேண்டியது ஒன்று. ஆற்றுப்பாசன வயல்களுக்கு நடுவே போகும் வண்டிக்கு வேண்டியது வேறு.

மலைத் தடம்: இங்கே கூரான கல்தான் எதிரி. அகலமான டயரைவிடப் பக்கச் சுவர் உறுதியான டயர் முக்கியம். பிளை ரேட்டிங் கூடிய, லோடு வண்டிகளுக்கென்றே செய்த டயரை அதே அளவில் கேட்டு வாங்கலாம்.

நஞ்சைச் சேறு: அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்து வயல் பாதையில் மேலே சேறு இருக்கும், பல இடங்களில் கீழே கெட்டித் தரை இருக்கும். அங்கே ஒடுக்கமான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே வழுக்கும். ஆழமான, இடைவெளி விட்ட பட்டன் உள்ள டயர் போதும்.

கரிசல்: ஆற்றுக்கு வடக்கே கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் மழை பெய்தால் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டு பட்டனையே மூடிவிடும். எவ்வளவு பெரிய டயரும் அப்போது மொட்டை டயர்தான். மண் காயும் வரை பொறுப்பதே சிக்கனம்.

தேரி மணல்: ஆற்றுக்குத் தெற்கே சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்துச் செம்மணல் தேரியில் வேலை செய்வது டயரின் அளவைவிடக் காற்றின் அளவு. காற்றைக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படிந்து மணலில் புதையாமல் போகும். லேசான வண்டிக்கு 18 பவுண்டு வரை இறக்குவது வழக்கம். லோடு இருந்தால் அவ்வளவு இறக்கக் கூடாது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும், வேகம் எடுக்கும் முன்பே பழைய அளவுக்குக் காற்றை நிரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்பு ஒன்றை வண்டியில் வைத்திருப்பது ஐந்து டயர் வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

வெள்ளத்துக்குப் பெரிய டயர் மருந்தல்ல

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை நாம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் போன்ற ஊர்கள் தொடர்பற்றுத் தீவாயின. நெல்லைச் சந்திப்புப் பகுதியிலும் வெள்ளம் புகுந்தது. பெரிய டயர் பற்றிய பேச்சு நம்மிடையே அதிகமானதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஆனால் 15 மி.மீ. உயர்வு வெள்ளத்தில் எந்த மூலைக்கு? ஓடும் நீர் இரண்டடி இருந்தாலே பெரும்பாலான ஜீப், லோடு வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும். காற்று நிறைந்த பெரிய டயர் மிதக்கவே உதவும். தரையைப் பிடிக்க உதவாது. இஞ்சினுக்குக் காற்று போகும் குழாய் வழியே நீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்து இஞ்சினே பாழாகும். தாம்பரபரணியில் வெள்ள எச்சரிக்கை வந்தால் சரக்கை மேட்டுக்கு ஏற்றுவதும் வண்டியை மேட்டில் நிறுத்துவதும்தான் வழி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி வண்டிக்கும் சேர்த்துத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

லோடு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் டயரோடு போனால் கேள்வி வரும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் அதையே காரணம் காட்டக்கூடும். வண்டியோடு வந்த புத்தகத்தில் அந்த மாடலுக்கு எந்தெந்த அளவுகள் குறிக்கப்பட்டுள்ளன என்று பார்த்து, அதற்குள் நிற்பதே பாதுகாப்பு. டயரில் உள்ள லோடு எண்ணும் பழையதைவிடக் குறையக் கூடாது. 100 என்றிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 105 என்றால் 925 கிலோ.

வரவு செலவு பார்ப்போம்

இறுதியில் இது பேரேட்டுக் கணக்கு. வண்டி ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது, அதில் மோசமான பாதையில் போவது 12 நாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 12 நாளுக்காக மீதி 288 நாளும் கூடுதல் டீசலும், தேய்மானமும், பிரேக் பயமும் சுமப்பது லாபமா? அந்த 12 நாளுக்கு உள்ளூர் டிராக்டரை வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும்? இரண்டையும் எழுதிப் பார்த்தால் விடை தானே வரும்.

அந்தப் பாதையில் வியாபாரம் எத்தனை நாள் நிலைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். மாஞ்சோலை எஸ்டேட் நிலம் 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன. குத்தகை முடிய 2028 வரை இருந்தும், 2024இலேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. குடும்பங்கள் மலையிறங்கினால் சரக்குக்கு ஆள் ஏது? ஒரே ஒரு தடத்தை நம்பி வண்டியை மாற்றியமைப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

முடிவாக

மோசமான பாதையே அன்றாடத் தொழில், வண்டிக்கு நான்கு சக்கர இழுப்பு உண்டு, தயாரிப்பாளர் அனுமதித்த அளவில் பெரிய டயர் கிடைக்கிறது, ஐந்து டயரும் ஒருசேர வாங்க வசதி இருக்கிறது என்றால் தாராளமாக மாட்டலாம். மாட்டியபின் பிரேக்கைச் சரிபார்த்து, மீட்டர் வித்தியாசத்தை டிரைவரிடம் சொல்லி, கணக்கிலும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் பழைய அளவிலேயே தரமான, பட்டன் நல்ல டயர், சரியான காற்று, அளவான லோடு என்ற மூன்றையும் முதலில் செய்து பார்ப்போம். வண்டி மாட்டிக்கொள்வதில் பெரும்பகுதி தேய்ந்த டயராலும் கூடுதல் மூடையாலும்தான். இரண்டு மூடையைக் குறைத்து இன்னொரு நடை அடிப்பது டயர்க்கடைக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த செலவு. அகலக் கால் வைக்காதே என்று நம் முன்னோர் வியாபாரத்துக்குச் சொன்னது வண்டிக்கும் பொருந்தும். யோசித்துச் செய்வோம், முதலையும் காப்போம், உயிரையும் காப்போம்.