தண்ணீரைச் சுருக்க முடியாது

பிளாஸ்டிக் எஞ்சின் கொட்டகை ஒன்றின் பாகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டி முடித்தேன். செங்கல் சுவர், தகரக் கூரை, இரண்டு எஞ்சின்கள் நுழைகிற உயரமான கதவுகள். 1930களின் அமெரிக்கக் கொட்டகை என்று பெட்டியின் மேல் போட்டிருந்தது. எல்லாம் நேராக, சுத்தமாக உட்கார்ந்துவிட்டது. அதுதான் வினை. அன்றைக்குக் கடையிலிருந்து வாங்கிவந்த பிளாஸ்டிக் வாளி மாதிரி மினுமினுத்தது. நாற்பது வருடமாக நிலக்கரி எஞ்சின்கள் இதற்குள் வந்து புகை கக்கிவிட்டுப் போகின்றன என்றால் யார் நம்புவார்கள்?

மாதிரி ரயில் அமைப்பவர்கள் இதற்குச் செய்யும் வைத்தியத்தின் பெயர் 'வெதரிங்'. வெயிலும் மழையும் புகையும் துருவும் பல வருடம் எடுத்துக்கொண்டு செய்கிற வேலையை ஓரிரு ஞாயிற்றுக்கிழமைகளில் தூரிகையால் செய்து முடிப்பது. வெளியிலிருந்து பார்த்தால் அழுக்குப் பூசுவது போலத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்து, கறுப்பும் பழுப்பும் கலந்து சுவர் முழுக்க இழுத்தேன். வந்தது பழைய கட்டடம் இல்லை, அழுக்கான பொம்மை.

எங்கே தவறு என்பது புரிய, கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது. உலகில் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவில் எல்லாமே 87-இல் ஒரு பங்கு. ஆறடி ஆள் இரண்டு சென்டிமீட்டர். ஆனால் சுருங்குவது கட்டடமும் ஆளும் மட்டும்தான். 2 மில்லிமீட்டர் தண்ணீர்த் துளி மேசை மேலும் 2 மில்லிமீட்டர்தான். கொட்டகையில் வேலை செய்கிற குட்டி ஆளின் தலையில் அது விழுந்தால் தேங்காய் விழுந்த மாதிரி. சாதாரணக் காகிதத்தின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அதில் அச்சிட்ட விளம்பரத்தைச் சுவரில் ஒட்டினால், அந்த உலகத்தில் அது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் பலகை. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் போஸ்டரைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கி, நீர்த்த பசையில் ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே செங்கல் இடுக்குகளில் நகத்தால் அழுத்திவிடுகிறார்கள்.

வெளிச்சமும் சுருங்காது. மாதிரியை 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, அசல் கட்டடத்தை 52 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்த இடைவெளியில் நல்ல கண்ணால் பிரித்தறிய முடிவது சுமார் 0.17 மில்லிமீட்டர் வரைதான். அசலில் அது 15 மில்லிமீட்டர். செங்கற்களுக்கு நடுவே ஓடும் சாந்துக் கோடோ 10 மில்லிமீட்டர்தான். அப்படியானால் கோடு தனியாக, கூர்மையாகத் தெரியக் கூடாது. செங்கல் நிறத்தோடு கலந்து அதைச் சற்று வெளிற வைத்தால் போதும். ஆனால் வார்ப்பில் வரும் பள்ளங்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் அகலம். அதில் பளிச்சென்று வெள்ளையை நிரப்பினால் சுவர் மேல் மீன்வலை போர்த்தியது போல ஆகிவிடும்.

இன்னொன்று, உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ் என்றால் நம் அறை விளக்கு 500 லக்ஸ் தேறினால் அதிகம். மங்கிய வெளிச்சத்தில் நிறங்கள் சோர்ந்துபோகும். அசல் கறுப்பு வெறும் ஓட்டை போலத் தெரியும். அதனால் இந்தத் தொழிலில் கறுப்பை யாரும் கறுப்பாகப் பூசுவதில்லை, சாம்பல் கலந்த கறுப்புதான். பிளாஸ்டிக் மினுமினுப்புக்கு மேட் வார்னிஷ். அதில் கலந்திருக்கும் பொடியான சிலிகா பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரடுமுரடாக்கி, விழும் ஒளியை நாலாபக்கமும் சிதறடித்துவிடும்.

இந்தக் கலைக்கு ஊரறிய முகவரி வாங்கிக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் வாழ்ந்த ஜான் ஆலன் (1913–1973). தொழில்முறைப் புகைப்படக்காரர். ரயில் எஞ்சினும் பெட்டியும் புத்தம் புதிதாக மின்னுவதே பெருமை என்று பலர் நினைத்த நாளில், துருவையும் புகைக்கரியையும் தன் ரயில்பாதை முழுக்கக் கொண்டுவந்தார். பாதைக்கு அவர் வைத்த பெயர் 'கோர் அண்ட் டஃபெடிட்'. வேகமாகச் சொன்னால் ஆங்கிலக் காதுக்கு 'ரத்தக்களறியாகித் தோற்றது' என்று கேட்கும். பெட்டிகளைத் தள்ளும் எஞ்சினுக்குப் பதில் ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரையும் தண்டவாளத்தில் நிறுத்தியிருந்தார்; அதற்கு எம்மா என்று பெயர். அப்படிப்பட்ட குறும்புக்காரர், சுவரில் தண்ணீர் எங்கே வழியும் என்ற விஷயத்தில் மட்டும் விளையாடவில்லை. புகைப்படக்காரரின் கண் அப்படி. 1973 ஜனவரியில் அவர் மாரடைப்பில் இறந்தார். அதே மாதத்திலேயே வீட்டில் தீப்பற்றி, அந்த ரயில்பாதையில் பெரும்பகுதி எரிந்துபோனது. இன்று நாம் பெரும்பாலும் பார்ப்பது அவரே எடுத்துவைத்த படங்களைத்தான்.

அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் என் கொட்டகைக்கு என்ன இல்லை என்பது உறைத்தது. அழுக்கு சுவரெங்கும் சமமாகப் படிவதில்லை. அதற்கு வழி உண்டு. ஜன்னல் திட்டின் இரண்டு மூலைகளிலும் மழைநீர் சொட்டி, கீழே இரண்டு கோடுகள் விழும். வடிகுழாய் உடைந்த இடத்தில் பாசி. தரையிலிருந்து ஓரடி உயரம் வரை சாரல் தெறித்த சேறு. நம் அளவில் அது மூன்றரை மில்லிமீட்டர்ப் பட்டை. ஓதம் ஏறிய செங்கலில் நீர் உள்ளே கரைத்த உப்பை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு ஆவியாகிவிடும். நாம் உப்புப் பூத்திருக்கிறது என்போமே, அது. எஞ்சின் கொட்டகையில் புகைக்கரி கதவுக்கு மேலேயும் கூரைப் புகைபோக்கியைச் சுற்றியும்தான் அப்பும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் சுண்ணாம்புக் கற்களில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம்: மழை கழுவும் இடம் வெளுப்பு, மழை படாத ஒதுக்குப்புறம் கறுப்பு. நிலக்கரிப் புகையின் கந்தகம் கல்லோடு சேர்ந்து ஜிப்சமாகி, அதற்குள் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டது.

ஆக, தூரிகை எடுக்கும் முன் கட்டடத்தின் மேல் மனதுக்குள் ஒரு மழை பெய்ய வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நிஜ மழையைப் பெய்ய வைத்தால் வேலைக்கு ஆகாது. நீர்த்த சாயத்தைப் பிளாஸ்டிக் சுவரில் விட்டேன். பரப்பு இழுவிசையால் முத்து முத்தாகத் திரண்டு நின்றதே தவிர, ஒரு செங்கல் இடுக்கிலும் இறங்கவில்லை. அதற்குத்தான் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கால் லிட்டரில் சின்னக் கரண்டி அளவு கறுப்பு மசி. தூரிகை நுனியால் ஒரு மூலையைத் தொட்டதும், மசி தானாகவே சாந்துப் பள்ளங்களுக்குள் ஓடிப் பரவும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே நுண்புழை வேலை. முதல்முறை பார்க்கும்போது ஒரு கிளுகிளுப்பு இருக்கத்தான் செய்கிறது.

காய்ந்த பிறகு சில இடங்களில் கறுப்பு வளையங்கள். காபி டம்ளரைத் தூக்கியதும் மேசையில் தெரியுமே, அதே வளையம். சொட்டின் விளிம்பில் ஆவியாதல் வேகம். இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் விளிம்புக்கு ஓடுகிறது, துகள்களையும் வாரிக்கொண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 1997-இல் இதை விளக்கி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மனித குலம் அத்தனை நூற்றாண்டு காபி குடித்த பிறகு!

அடுத்து நடந்தது என் அவசரம். மேட் வார்னிஷ் அடித்திருந்த சுவரின் மேல் இன்னொரு முறை ஆல்கஹால் தடவினேன். பத்து நிமிடத்தில் சுவர் பாதி வெளுத்துவிட்டது. வார்னிஷ் படலத்தை ஆல்கஹால் கலைத்துவிட, நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டின. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு பார்த்தால், அசல் ஓதச் சுவர்! மேலே வார்னிஷ் இன்னொரு கோட் அடித்தால் பள்ளங்கள் நிரம்பி வெண்மை மறைந்துவிடும் என்று தெரிந்தது. வேண்டாத இடத்தில் அடித்தேன். அடிச்சுவரில் அப்படியே விட்டுவிட்டேன்.

கூரை வேறு கதை. நெளிதகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து அதைக் காக்கும். அது தீர்ந்துபோகும் இடத்தில்தான் துரு: வெட்டிய ஓரம், ஆணித் துளை, இரண்டு தகடுகள் மேல்படியும் இடம். கூரை முழுக்க ஒரே ஆரஞ்சு பூசுகிறவர்கள் தகரக் கூரையைப் பார்த்ததே இல்லை என்பேன். புதுத் துருதான் ஆரஞ்சு. பழசாக ஆக இருண்ட பழுப்பு.

துணிந்தவர்கள் செய்வது இன்னொரு முறை. நெளிவு அழுத்திய மெல்லிய அலுமினியத் தகட்டுத் துண்டுகளை, மின்சுற்று அட்டை அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் போடுவது. முதலில் ஒன்றும் நடக்காது. அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு கவசம் இருக்கிறது. குளோரைடு அதைத் துளைத்த கணத்தில் கரைசல் நுரைத்துப் பொங்கும், சூடேறும், ஹைட்ரஜன் கிளம்பும். பிளாஸ்டிக் இடுக்கியால் அந்த நொடியே எடுத்துத் தண்ணீரில் போட்டால் ஓரம் அரித்து, ஓட்டை விழுந்து, கறுத்துப்போன தகடு. கொஞ்சம் தாமதித்தால் தகடே இருக்காது. கரைசலின் இரும்பு அலுமினியத்தின் மேல் படிந்துவிடுவதால் நிஜத் துருவே கிடைக்கிறது. திறந்த வெளி, கையுறை, கண்ணாடி இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

பிளாஸ்டிக்குக்குப் பதில் மரத்தில் செய்துகொண்ட கதவுகளுக்கு என் சமையலறையே போதுமானதாக இருந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் லிக்னினைச் சிதைக்க, மழை அதைக் கழுவிக்கொண்டு போக, மிஞ்சும் செல்லுலோஸ்தான் அந்த வெள்ளிச் சாம்பல் நிறம். அதற்கு மாற்று: இரும்புக் கம்பிப் பஞ்சைச் சில நாட்கள் வினிகரில் ஊறவைத்த நீர். மரத்துக்கு முதலில் தேயிலை டிகாஷன் ஒரு கோட், காய்ந்ததும் இந்த இரும்பு நீர். தேயிலையின் டானினும் இரும்பும் சேர்ந்து கண்முன்னே சாம்பலாகி, கறுக்கும். கலம்காரித் துணியில் கடுக்காய்ச் சாறு ஏறிய இடத்தில், வெல்லமும் இரும்பும் ஊறிய கரைசல் பட்டதும் கறுப்பு பிடிக்கிறதே, அதே வேதியியல்.

எவ்வளவு வரை போகலாம் என்பதில் சண்டை உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலம் பீபடியில் ஜார்ஜ் செல்லியோஸ் அமைத்த ஃபிராங்க்ளின் அண்ட் சவுத் மான்செஸ்டர் பாதையில், 1930களின் பொருளாதார மந்தத்தில் நொடிந்த நகரம். உரியாத சுவரோ கோணாத கூரையோ தேடினால்தான் கிடைக்கும். இங்கிலாந்தின் லாங் விட்டன்ஹாமில் இருக்கும் பென்டன் அருங்காட்சியகம் இதற்கு நேர் எதிர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் வந்த ராய் இங்லண்ட் என்பவர், மாறிக்கொண்டிருந்த கிராமத்து வீடுகளை அளந்து, அட்டையில் செய்து, நீர்வண்ணத்தில் செங்கல் செங்கலாகத் தீட்டத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த இடம். கூரை வேய்ந்தது பிளம்பர்கள் குழாய் இணைப்பில் சுற்றும் சணல் நாரால். அங்கே அழுக்கைத் தேட வேண்டும். முதுமையைத் தேட வேண்டியதில்லை. என் ஓட்டு பென்டனுக்கு. செல்லியோஸின் நகரம் மலைக்க வைக்கிறது, ஆனால் ஒரு ஊரில் எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே நாளில் வயதாகாதே.

என் கொட்டகை இப்போது அலமாரி மேல் இருக்கிறது. பாஸ்டல் சுண்ணக்கட்டியை உப்புத்தாளில் உரசி எடுத்த பொடியைத்தான் தூசி என்று கூரையில் தடவியிருக்கிறேன். அதன் மேல் அறையின் நிஜத் தூசி நாள்தோறும் படிகிறது. ஒரு தூசித் துகள் 0.05 மில்லிமீட்டர் என்றாலும் அந்தக் கூரையில் அது 4 மில்லிமீட்டர், சரளைக்கல். அதனால் வாரம் ஒருமுறை, மெல்லிய பிரஷ்ஷால், பொய்த் தூசி கலையாமல் நிஜத் தூசியைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.