நந்தன் நின்ற இடத்தில் கண்ணாடி இழை!

வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்குச் செல்கிறது. பக்கத்திலா இருக்கிறது சென்னை? 200 கிலோமீட்டருக்கு மேல்! ஆள் குனிந்து நடக்கலாம், அத்தனை அகலக் குழாய்! வயல் கடந்து, வாய்க்கால் கடந்து, ஊர் பல கடந்து, 2004-ஆம் ஆண்டு முதல் அந்த நீர் தலைநகரின் தாகம் தீர்க்கிறது. நெய்வேலி மண்ணைத் தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி, மின்சாரமாக மாறித் தென்னாட்டு நகரங்களிலே விளக்காக எரிகிறது. செல்லட்டும்! எரியட்டும்! தாகமென்போர்க்குத் தண்ணீர் தருவதும், இருளில் நிற்போர்க்கு விளக்குக் காட்டுவதும் தமிழர் பண்பாடு. தடுத்தோமில்லை, தடுக்கவும் மாட்டோம்.

ஆனால், ஒன்று கேட்கிறோம். தண்ணீர் தந்த கடலூர் மாவட்டத்தான், வெளிச்சம் தர நிலம் கொடுத்தவன், பதிலுக்கு என்ன கேட்கிறான்? தங்கமா? தந்தப் பல்லக்கா? தலைமயிர் தடிமன் கண்ணாடி இழை ஒன்று! அதன் வழியே வீட்டுக்குள் வரும் வேகமான இணையம். அது மட்டும் அவன் வாசலுக்கு வருவதற்குள் வழி தவறிவிடுகிறதாம். என்னே விந்தை!

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளை வட்டாரத்திலே ஒரு சிற்றூர். ரேஷன் கடை. கையிலே பை, கண்ணிலே ஏக்கம், கால் கடுக்க வரிசை. 2020 அக்டோபர் முதல் விரல்ரேகை வைத்தால்தான் அரிசி அல்லவா? மூதாட்டி ஒருவர் விரலை வைக்கிறார், எடுக்கிறார், மீண்டும் வைக்கிறார்.

“ஆயா, விரலைத் துடைச்சிட்டு இன்னொரு தரம் வை.”

“வெச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. நாலு தரம் ஆச்சு.”

“சர்வர் கிடைக்கல ஆயா.”

“ஓட்டலுக்குப் போனா இருப்பான். இங்க எதுக்கு அவனைத் தேடுற?”

வரிசையில் நின்றோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் வெட்கப்பட்டோம். அறுபது ஆண்டு நாற்று நட்டு, ரேகையே தேய்ந்துபோன விரல் அது. அந்த விரலை எந்திரத்தின் முன் நீட்டச் சொன்ன அரசுகள், எந்திரம் பேசுவதற்கு வழி செய்து தந்தனவா?

அரிசி மட்டுமா? பட்டா பார்க்க இணையம். பயிர்க் காப்பீட்டுக்கு இணையம். சாதிச் சான்றிதழுக்கு இணையம். பொறியியல் கல்லூரிக்கு மனுப்போட இணையம். 2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக் கதவுகள் மூடப்பட்டபோது, பாடமே கைபேசிக்குள் குடியேறியது. நகரத்துப் பிள்ளை நாற்காலியில் அமர்ந்து கற்றது. சிற்றூர்ப் பிள்ளை ஏரிக்கரை மேட்டிலும் மொட்டை மாடியிலும் நின்று அலைவரிசை தேடியது. தொற்று தணிந்தது, பள்ளி திறந்தது. ஆனால் அந்த மேடும் பள்ளமும் அப்படியே இருக்கின்றன.

“கைபேசிக் கோபுரம் இருக்கிறதே, போதாதா?” என்று கேட்கிறார்கள் மேதாவிகள். கோபுரம் தருவது தெருக்குழாய்த் தண்ணீர், தோழர்களே! ஒருவர் குடம் வைத்தால் நிறையும். ஊரே குடம் வைத்தால் சொட்டும். மாலை மங்கியதும் எல்லோரும் கைபேசியைத் திறக்கிறார்கள், வேகம் படுத்துவிடுகிறது. பழைய தொலைபேசியின் செப்புக் கம்பியோ, நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் விலகினாலே மூச்சு வாங்கும். கண்ணாடி இழை அப்படியல்ல. அதிலே ஓடுவது ஒளி. ஒரே இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ கிளை பிரிக்கலாம். 20 கிலோமீட்டர் வரையில் நடுவழியிலே மின்சாரமும் தேவையில்லை. சிற்றூருக்கென்றே கண்டுபிடித்தது போன்ற பொருள்! பெருநகரத்துக்காரன் மாடிக்கு மாடி அதை இழுத்துக்கொள்கிறான். சிற்றூரான் அண்ணாந்து பார்க்கிறான்.

டெல்லி வாக்குத் தரவில்லையா? தந்தது! தாராளமாகத் தந்தது! 2011 அக்டோபரில், ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயில், இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்கு இரண்டே ஆண்டுகளில் கண்ணாடி இழை என்றார்கள். ஆண்டுகள் ஓடின, இழை ஓடவில்லை. ஆட்சி மாறியது. 2015-ல் திட்டத்தின் பெயரும் ‘பாரத்நெட்’ என்று மாறியது. பெயர் சூட்டு விழாவிலே பிள்ளை வளர்ந்துவிடுமா? 2018-ல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. 2022-க்குள் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் வினாடிக்கு 50 மெகாபிட் வேகம் என்றார்கள். 2022 வந்தது, போனது. 2023 சனவரியிலே அரசிதழில் ஓர் இலக்கணம் எழுதினார்கள்: 2 மெகாபிட் இருந்தாலே அதற்கு அகன்ற அலைவரிசை என்று பெயராம்! ஐம்பது தருவதாகச் சொன்ன வாய், இரண்டுக்கு இலக்கணம் எழுதிய கை! அதே ஆண்டு ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம். ஐந்தாண்டிலே ஒன்றரைக் கோடிச் சிற்றூர் வீடுகளுக்கு இணைப்பு என்று மற்றொரு வாக்கு.

பணம் இல்லையா? அதுவும் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலே நூற்றுக்கு 5 பங்கு, சிற்றூர்களுக்கென்றே 2002 முதல் தனி நிதியாகத் திரட்டப்பட்டது. நிறுவனங்களின் வருவாய் எங்கிருந்து வந்தது? நாம் ‘ரீசார்ஜ்’ செய்த காசு! சிற்றூருக்கென வசூலித்த அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் செலவாகாமலே தூங்கியது. 2024-ல் அந்த நிதிக்கும் ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாற்றுவதிலே மட்டும் அவர்களை மிஞ்ச ஆளில்லை!

டெல்லியை மட்டும் சாடிவிட்டுத் திண்ணையில் சாய்வது நமது வழக்கமல்ல. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டு செல்ல 2018-ல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் சிலருக்கென்றே தைத்த சட்டையாக இருப்பதாக 2020-ல் புகார் எழுந்தது; மறு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதாயிற்று. ஆண்டுகள் வீணாயின. வீணானது யாருடைய ஆண்டு? அமைச்சர் வீட்டுப் பிள்ளையின் ஆண்டா? அன்று எட்டாம் வகுப்பில் இருந்த ஏழைப் பிள்ளை, இழை வருவதற்குள் பள்ளியையே முடித்துவிட்டதே, அந்தப் பிள்ளையின் ஆண்டு!

இத்தனைக்கும், இந்தத் திட்டம் எதுவரை வரும் என்று தீட்டினார்கள்? ஊராட்சி அலுவலகம் வரை! அங்கே ஒரு பெட்டி. பெட்டியிலே ஒரு விளக்கு. விளக்கு எரிந்தால் கணக்கேட்டிலே ‘இணைக்கப்பட்ட ஊராட்சி’. பெட்டியிலிருந்து வீட்டுக்கு? குடித்தெருவுக்கு? குடித்தெரு தாண்டிக் காலனிக்கு?

நமக்கு நந்தன் நினைவு வருகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆதனூரிலிருந்து, நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று ஏங்கித் தில்லைக்கு வந்த உழைப்பாளி, ஊர் எல்லையிலேயே நின்றான் என்கிறது புராணம். திருப்புன்கூரிலே அவனுக்காக நந்தி விலகியதாம். கல் நந்தி விலகியதோ இல்லையோ, நாம் அறியோம். நாளை, நாளை என்று சொல்லிச் சொல்லி ஒரு சமுதாயத்தையே வாசலில் நிறுத்தினார்கள், அதை அறிவோம். இன்றும் அதே கதை! இழை ஊர் எல்லைக்கு வருகிறது, உள்ளே வரவில்லை. மறைத்துக் கிடப்பது கல் நந்தியல்ல, கோப்பு நந்தி! மந்திரம் சொன்னால் விலகாது; மக்கள் கேட்டால் விலகும்.

கேட்டவர் இந்த மண்ணிலே இருந்தார். 1916-ல் சுவாமி சகஜானந்தர், அதே நந்தன் பெயரில், அதே சிதம்பரத்தில் பள்ளி கண்டார். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று அவர் காத்து நிற்கவில்லை. தாமே ஒரு கதவைத் திறந்தார். அந்தத் துணிவுதான் இன்றைக்கும் மருந்து.

வெள்ளைக்காரன் நாட்டிலேயும் சிற்றூர் உண்டு. அங்கும் பெரிய நிறுவனங்கள் ‘இலாபமில்லை’ என்று கைவிரித்ததுண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் உழவர்கள் என்ன செய்தார்கள்? 2011-ல் தாங்களே ஒரு சங்கம் கண்டார்கள். பங்குப் பணம் போட்டார்கள். தங்கள் நிலத்திலே தாங்களே பள்ளம் தோண்டி இழை பதித்தார்கள். இன்று அந்த மாட்டுப் பண்ணைகளுக்கு வினாடிக்கு 1,000 மெகாபிட்! பின்லாந்து 2010-லேயே இணைய இணைப்பைச் சட்ட உரிமையாக்கியது. பக்கத்திலே பாருங்கள், கேரளம்! 2023 சூனில் அரசின் சொந்த வலையமைப்பைத் திறந்து, 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது.

நமக்கு ஆளில்லையா? ஊருக்கு ஊர் கேபிள் டிவிக்காரர் உண்டு. எந்தத் தெருவில் எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மகளிர் சுய உதவிக் குழுக்கள் உண்டு. ஒரு பைசா பிசகாமல் கணக்கு வைப்பவை. சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே நடத்தும் மாவட்டம் இது. கரும்புக்குக் கூட்டுறவு காண முடிந்தவர்களால் கண்ணாடி இழைக்குக் கூட்டுறவு காண முடியாதா?

ஆகவே கேட்கிறோம். ஒன்று, ஊராட்சிக் கணக்கு வேண்டாம். வீட்டுக் கணக்குச் சொல்லுங்கள். கடலூர் மாவட்டத்தின் 683 ஊராட்சிகளிலே எத்தனை வீட்டுக்கு இழை போயிற்று? ஊராட்சிப் பெட்டி எத்தனை நாள் உயிரோடு இருந்தது? கிராம சபையிலே படியுங்கள்! இரண்டு, பெட்டியிலிருந்து வீடு வரையிலான வேலையை உள்ளூர்க் கூட்டுறவுக்கும் கேபிள்காரருக்கும் கொடுங்கள். முதல் கிளை காலனிக்குப் போகட்டும். மூன்று, கடலோரத்திலே இழையைக் கம்பத்தில் தொங்கவிடாதீர்கள். 2011 திசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கம்பங்கள் கரும்புபோல் முறிந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. கடலூர் நகரிலே மின்கம்பியையே மண்ணுக்குள் கொண்டுபோனார்களே, இழையைக் கொண்டுபோக முடியாதா?

நான்காவது, நமது நெடுநாள் கோரிக்கை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலே தபாலும் தந்தியும் தொலைபேசியும், அவற்றைப் போன்ற எல்லாத் தொடர்புகளும் டெல்லியின் பட்டியலில், 31-ஆம் இனத்தில் பூட்டிக் கிடக்கின்றன. கம்பம் நம்முடையது, பள்ளம் நம்முடையது, உழைக்கும் கை நம்முடையது, பயனாளி நம் ஆயா. பூட்டும் சாவியும் மட்டும் டெல்லியிலா? 1969-ல் இராசமன்னார் குழுவை அமைத்து அதிகாரப் பங்கீடு பற்றிக் கேட்ட மாநிலம் இது. அந்தக் கேள்விக்கு இன்னும் வயதாகவில்லை.

இதை யார் ஆண்டாலும் கேட்போம். நமக்கு வேண்டியவர் ஆண்டால் உரிமையோடு கேட்போம். வேண்டாதவர் ஆண்டால் உரத்துக் கேட்போம். கேட்காமல் மட்டும் இருக்க மாட்டோம்!

வீராணத்து நீர் வடக்கே போகிறது. நெய்வேலி வெளிச்சம் திசையெங்கும் போகிறது. திரும்பி வரவேண்டியது ஒரே ஓர் இழை. அது ஊர் எல்லையில் நின்றது போதும். தோழர்களே, வாசல் தாண்டி வீட்டுக்குள் அழைத்து வருவோம், வாரீர்!