வீடு திரும்பும் நாளில் எந்தக் கார்?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பவிருந்த அம்மையார் ஒருவரை அழைத்துச் செல்ல, அவருடைய மகன் தாம் புதிதாக வாங்கிய காரைக் கொண்டுவந்திருந்தார். பார்வைக்கு அழகான, தாழ்வான சிறிய கார். வாக்கர் பிடித்து வாசல்வரை நன்றாக நடந்துவந்த அம்மையாரால் அதில் ஏறி அமர இயலவில்லை. நிமிர்ந்து நுழைந்தால் தலை கூரையில் இடித்தது. குனிந்து அமர முயன்றால் முழங்கால் இடுப்புக்கு மேலே உயர்ந்தது. இயன்முறை மருத்துவர் உடனே தடுத்து, அவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே அழைத்துவந்தார். வேறு வாகனம் வரும்வரை அனைவரும் காத்திருக்க நேர்ந்தது. "வாங்கும்போது உள்ளே இடம் தாராளமாகத்தானே இருந்தது, டாக்டர்?" என்று மகன் வருத்தத்துடன் கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கான விடை பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தடுத்ததற்கான காரணம்

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் பந்து போன்ற அமைப்பு. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் அதைச் சுற்றியுள்ள தசைகளும் தசைநார்களும் முழுமையாக ஆறியிரா. குறிப்பாக, மூட்டின் பின்புறமாக அறுவை செய்யப்பட்டவர்கள் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கினாலோ, மடக்கிய நிலையில் காலை உட்புறமாகத் திருப்பினாலோ, பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். தாழ்ந்த இருக்கையில் அமரும்போது முழங்கால் இடுப்பைவிட உயர்கிறது. அதுவே 90 பாகையைத் தாண்டிவிட்டது என்பதன் அடையாளம். இக்கட்டுப்பாடு எத்தனை வாரங்களுக்கு என்பதை உங்கள் அறுவை மருத்துவர் கூறுவார்.

நீளம் வேறு, உயரம் வேறு

சிறிய கார்களின் இடவசதியை ஒப்பிடும்போது நாம் பெரும்பாலும் நீளத்தையே பார்க்கிறோம். நோயாளிக்கு முதன்மையானது உயரம். இதற்கு மாருதி சுசூகியின் இரண்டு கார்களே நல்ல எடுத்துக்காட்டு. ஸ்விஃப்ட் 3,860 மி.மீ. நீளமுடையது, வேகன் ஆர் 3,655 மி.மீ. மட்டுமே. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தில் இரண்டுக்கும் வெறும் 15 மி.மீ. வேறுபாடுதான். ஆனால் ஸ்விஃப்டின் உயரம் 1,520 மி.மீ.; வேகன் ஆரின் உயரம் 1,675 மி.மீ. குட்டையான கார்தான் உயர்ந்து நிற்கிறது.

இந்த வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1993ஆம் ஆண்டு ஜப்பானில் வேகன் ஆர் அறிமுகமானபோது, அந்நாட்டுச் சிறு கார்களுக்கு நீளத்திலும் அகலத்திலும் கடுமையான சட்ட வரம்பு இருந்தது. உயரத்திலோ 2 மீட்டர்வரை அனுமதி இருந்தது. ஆகவே பக்கவாட்டில் கிடைக்காத இடத்தை மேல்நோக்கித் தேடினர். நாற்காலியில் அமர்வதுபோல் நிமிர்ந்து அமர்ந்தால், கால்கள் முன்னே நீளாமல் கீழே இறங்கும். குறைந்த நீளத்திலேயே நால்வர் அமரலாம். நம் நோயாளிகளுக்குத் தேவையானதும் அந்த நாற்காலி அமர்வே.

அகலத்தையும் மறக்க வேண்டாம். ஆல்டோ கே10 காரின் அகலம் 1,490 மி.மீ.; ஸ்விஃப்டின் அகலம் 1,735 மி.மீ. முன்னதன் பின்னிருக்கையில் மூவர் நெருங்கி அமர்ந்தால், நடுவில் இருப்பவரின் இடுப்பும் தோளும் திருகியே இருக்கும். முதுகுவலி உள்ளவரை நடுவில் அமர்த்தாதீர்கள்.

அளவு நாடாவுடன் செல்லுங்கள்

முதலில், நோயாளி செருப்பணிந்து நிற்கும்போது தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்புவரை அளந்துகொள்ளுங்கள். பின்னர், தரையிலிருந்து கார் இருக்கையின் மேற்பரப்புவரை அளவெடுங்கள். நுரை அமுங்கும் என்பதால் ஒருவரை அமரச் செய்து அளப்பதே சரி. இருக்கை முழங்கால் மடிப்பின் உயரத்திலோ சற்று மேலோ இருந்தால் எழுவதும் அமர்வதும் எளிது. மிக உயரமும் ஆகாது. இருக்கையின் ஓரத்தில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் பதிய வேண்டும்.

இரண்டாவதாக, காரின் உள்தளத்திலிருந்து இருக்கைவரை உள்ள உயரத்தைக் கவனியுங்கள். ஏறுவதற்கு வசதியான காரிலும் இந்த உயரம் குறைவாக இருந்தால், அமர்ந்த பின் முழங்கால் மேலெழும். கெட்டியான மெத்தையைப் போட்டு இதனைச் சரிசெய்யலாம். அப்போதும் தலைக்கு மேல் நான்கு விரற்கடை இடைவெளி இருக்கவேண்டும். சீட் பெல்ட் வயிற்றின்மீது ஏறாமல் இடுப்பெலும்பின்மீது படியவேண்டும்.

மூன்றாவதாக, கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்று பாருங்கள். டாடா பஞ்ச் போன்ற சில சிறு கார்களில் கதவு ஏறத்தாழ 90 பாகைவரை திறக்கும். வாக்கருடன் திரும்பி நிற்க இது பேருதவி.

இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். அதைவிட அதிக இடைவெளி இருந்தால் தொடைக்குத் தாங்கல் போதாது. இடைவெளியே இல்லையென்றால் முழங்காலின் பின்புறம் அழுந்தும். கீழ்முதுகில் வெற்றிடம் தோன்றினால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். கடையில் ஐந்து நிமிடம் மென்மையாகத் தோன்றும் இருக்கை, ஒரு மணி நேரப் பயணத்தில் அமுங்கி முதுகை வளைத்துவிடும். உறுதியான இருக்கையே நெடும்பயணத்துக்கு ஏற்றது.

ஏறும் முறை

ஓட்டுநருக்குப் பக்கத்து முன்னிருக்கையே பெரும்பாலோருக்கு ஏற்றது. அதனைப் பின்தள்ளவும் சாய்க்கவும் இயலும். இரண்டையும் முன்கூட்டியே செய்துவிடுங்கள். காரை நடைமேடையை ஒட்டி நிறுத்தாதீர்கள். மேட்டில் நின்று அமர்ந்தால் இருக்கை மேலும் தாழ்ந்துவிடும். நோயாளி காருக்கு முதுகு காட்டி நின்று, இருக்கையின் விளிம்பு காலில் படும்வரை பின்னே வந்து, அறுவை செய்த காலை முன்னே நீட்டி, மெல்ல அமரவேண்டும். ஆடும் கதவைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. பிறகு பின்னோக்கி நகர்ந்து, உடலைச் சாய்த்தபடி, உடலையும் இரு கால்களையும் ஒன்றாகவே திருப்பி உள்ளே கொண்டுவர வேண்டும். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்தால் எளிதாக நகரலாம். அமர்ந்ததும் அதனை உருவிவிடுங்கள். இறங்கும்போது இதே முறையைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

வழியில் மணிக்கொரு முறை நிறுத்தி, சிறிது நடக்கச் செய்யுங்கள். அமர்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருப்பது காலில் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும். கெண்டைக்காலில் புதிய வீக்கமோ வலியோ, மூச்சுத்திணறலோ தோன்றினால் பயணத்தைத் தொடராமல் உடனே அருகிலுள்ள மருத்துவமனையை நாடுங்கள்.

அந்த அம்மையார் மறுபரிசோதனைக்கு ஒரு பழைய, உயரமான வாடகைக் காரில் வந்தார். மகன் முதல் நாளே அதன் இருக்கையை அளந்து பார்த்திருந்தார். அந்த ஐந்து நிமிட வேலையை நீங்கள் வீடு திரும்பும் நாளுக்கு முன்னரே செய்துவிடுங்கள். அளவு குறித்து ஐயம் இருப்பின், வார்டில் உள்ள இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள்; நாற்காலியிலேயே ஒத்திகை பார்த்துக் காட்டுவார்.