பார்த்து வாங்க முடியாத பொருள்

வல்வெட்டித்துறையிலே பாய்க்கப்பல் கட்டிய காலத்தில், பொருளின் தரத்தை ஆராய்வது பெரிதும் வாங்குவோர் பொறுப்பாகவே இருந்தது. தாம் ஏறிச் செல்லும் கப்பலின் பலகையைத் தண்டையல் தட்டிப் பார்க்கலாம். பாயை விரித்துப் பார்க்கலாம். கயிற்றை இழுத்துப் பார்க்கலாம். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி இவ்வூரிற் கட்டப்பட்ட கப்பலே என்பதை நம் மாணவர் அறிவர். கண்ணும் கையும் அனுபவமும் இருந்தால் அக்காலத்திற் பெரும்பாலும் ஏமாறாதிருக்கலாம்.

இன்று நம் சமையலறையில் நிற்கும் எரிவாயுச் சிலிண்டரை எவர் தட்டிப் பார்த்து அறிவார்? அதனுள்ளே இருப்பது யாது என்பதை விற்பவரும் காணார், வாங்குபவரும் காணார்.

2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல பாகங்களிலும் எரிவாயு கசிந்து, அடுப்புகள் வெடித்தும் வீடுகள் தீப்பற்றியும் மக்கள் இன்னலுற்றனர். இதனை ஆராயச் சனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டமையே முதன்மைக் காரணம் என அக்குழு கண்டது. இதன் தத்துவம் எளிது. சமையல் வாயு புரொப்பேன், பியூற்றேன் என்னும் இரண்டின் கலவை. பியூற்றேன் ஏறக்குறைய 0 பாகை செல்சியசிற் கொதிக்கும்; புரொப்பேனோ 0 பாகைக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே, புரொப்பேனின் பங்கு கூடுந்தோறும் சிலிண்டரினுள் அமுக்கம் உயரும். குறைந்த அமுக்கத்துக்குப் பழகிய வால்வும் குழாயும் அதனைத் தாங்காது கசியலாம். இல்லத்தரசியின் கவனக்குறைவு என்று முதலிற் பலர் பேசினர். அப்பேச்சு எத்துணை அநீதியானது!

கசிவை அறியும் வழி நம் கையிலேயே உண்டு. இவ்வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. நாம் உணரும் துர்நாற்றம் எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்படுவது. வாயு காற்றிலும் பாரமானது. ஆதலால் தரையை ஒட்டியே தங்கும். நாற்றம் வந்தால் மின்விளக்கின் ஆளியைத் தொடாது, வால்வை மூடிக் கதவு சன்னல்களைத் திறத்தல் வேண்டும். பொருத்துகளிற் சவர்க்கார நுரையைப் பூசினால், கசியும் இடத்திற் குமிழி எழும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது அறிவீனம்.

கண்ணாற் காண முடியாத பொருளுக்குச் சட்டமே கண்ணாக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவிற்று. பொருளோ சேவையோ தரத்துக்கு ஒவ்வாததாயின், அவ்வதிகாரசபையிடம் முறைப்பாடு செய்யலாம். விசாரணையின் பின், பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தை மீளளிக்கவோ, நட்டஈடு செலுத்தவோ வணிகருக்கு அது கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்து மூலமாகவும், பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற மூன்று மாதத்துக்குள்ளும் இருத்தல் வேண்டும். இந்த மூன்று மாதத்தை அறியாமலே நம்மவருட் பலர் உரிமையை இழக்கின்றனர்.

யானும் அவருள் ஒருவன். ஒரு முறை நீரிறைக்கும் மின்பம்பி ஒன்று வாங்கினேன். இரண்டாம் கிழமையே அது நின்றுவிட்டது. கடைக்காரர் தெரிந்தவர், "அண்ணை, பிறகு பாப்பம்" என்றார். முகத்துக்கு அஞ்சிப் பேசாதிருந்தேன். நான்காம் மாதம் முறைப்பாடு எழுதத் துணிந்தபோது காலமும் கடந்துவிட்டது; பற்றுச்சீட்டும் அகப்படவில்லை. நம் ஊரிற் கடைக்காரரிடம் பற்றுச்சீட்டுக் கேட்பதை அவரை நம்பாமை என எண்ணும் வழக்கம் உண்டு. கேட்டாற் கொடுக்க வேண்டியது அவர் கடமை என்கிறது அதே சட்டம். கேட்பதால் நட்பு முறிவதாயின், அந்நட்பின் விலை ஒரு மின்பம்பிதான் போலும்!

முறைப்பாட்டில் வாங்கிய நாள், கடையின் பெயர், விலை, குறை, நாம் வேண்டும் பரிகாரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிப் பற்றுச்சீட்டின் படியை இணைத்தல் போதும், மூலச்சீட்டைக் கைவிடலாகாது. முதலில் அறிவுரை வேண்டுவோர் 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். உணவுப் பண்டம் பற்றிய குறையாயின் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் செல்வதே விரைவான வழி. மிச்சமிருக்கும் உணவை எறிந்துவிடாது உறையோடு அவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும்.